குடல் அழற்சி நோய் இருப்பவருக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. தம்பிக்கு 27 வயது. நான்கு வருடமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் உண்டாக்கும் குடல் அழற்சி நோய். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற அசாதையோபிரின் 100 மி.கி., குடல் அழற்சியைத் தணிக்கிற மெசலமின் இரண்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கிறான். மூன்று நாளாகத் தொண்டை வலி, மூக்கொழுகல், 101 டிகிரி காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல். வழக்கமாக இரண்டு தடவை போகிற வயிறு நேற்றிலிருந்து ஐந்து தடவை போகிறது. ரத்தம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மூன்று விதமான மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மா, "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்து" என்கிறார். இது சாதாரண சளியா, நோய் திரும்புகிறதா, மாத்திரையை நிறுத்துவதா?

குடல் நோய் மருத்துவனாக மழைக்காலம் வந்தாலே நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் வெறும் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மெசலமினை நிறுத்தவே வேண்டாம், அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து இல்லை. அசாதையோபிரின் விஷயத்தில் இன்றே அவனுடைய மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். இந்த அளவு காய்ச்சல் இருக்கும்போது சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்லும் வாய்ப்பு அதிகம். அவருக்குப் போன் செய்வதற்கு முன்பே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சி.பி.சி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அந்தப் பேப்பர் கவரைப் பிரித்து ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தால் பெயர் பாதிதான் தெரியும், கடையில் போய் முழுப் பெயரைக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு, மெஃபெனமிக் ஆசிட் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது தம்பிக்கு ஆகாது. நம் ஊரில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று கேட்டாலே பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று சேர்ந்த கூட்டு மாத்திரைதான் கைக்கு வருகிறது. பெயரின் பாதியில் பாராசிட்டமால் இருப்பதால் நாமும் நிம்மதியாகப் போட்டுக்கொள்கிறோம். குடலின் உள்சுவரைக் காப்பாற்றுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை இந்த வலி நிவாரணிகள் குறைத்துவிடும். எல்லாருக்கும் நோய் கிளம்பாது என்றாலும், சிலருக்கு நாலைந்து மாத்திரையிலேயே அடங்கியிருந்த நோய் கிளம்பிவிடுகிறது. சளிக்குப் பிறகு கோலைட்டிஸ் திரும்பியதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "என்ன வலி மாத்திரை போட்டீர்கள்?" என்பதைத்தான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குடல் அழற்சி நோய் என்றதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோய் அடங்கி, மெசலமின் மட்டும் எடுப்பவருக்கு வரும் சளி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் சளி போலத்தான் வரும், போகும். ஆபத்து எவ்வளவு என்பது மூன்று விஷயங்களில் இருக்கிறது: என்ன மருந்து எடுக்கிறார், நோய் இப்போது கிளம்பியிருக்கிறதா அடங்கியிருக்கிறதா, வயதும் கூடவே இருக்கும் சர்க்கரை, ஆஸ்துமா போன்றவையும் எப்படி. அதனால் குடல் நோயாளியின் இருமலைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவருடைய மருந்துச் சீட்டைப் பார்ப்பேன். அதே தொண்டை வலி, அதே 100 டிகிரி, ஒரு மருந்தோடு சாதாரணம், இன்னொரு மருந்தோடு அவசரம்.

இதை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கும்படி ஆனது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தையும் நியூயார்க்கின் மவுண்ட் சினாயையும் சேர்ந்த மருத்துவர்கள் செக்யூர்-ஐ.பி.டி. என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். எந்த நாட்டு மருத்துவரும் தன் குடல் அழற்சி நோயாளிக்குக் கொரோனா வந்தால் அதில் பதியலாம். முதல் ஆய்வில் 33 நாடுகளிலிருந்து 525 பேர் இருந்தார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் போடுபவர்கள்தான் மோசமாகப் பாதிக்கப்படுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் பயந்திருந்தோம். அந்த ஊசிகளுக்கும் தீவிர கொரோனாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத்தான் தீவிரமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு காணப்பட்டது. அடுத்த வருடம் 47 நாடுகளின் 1,439 பேரை வைத்துப் பார்த்தபோது, அசாதையோபிரின் வகை மாத்திரையைத் தனியாகவோ அந்த ஊசிகளோடு சேர்த்தோ எடுத்தவர்களுக்கு, ஊசி மட்டும் போட்டவர்களைவிட ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது.

ஃப்ளூவிலும் கதை இதேதான். அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளில் 1,40,480 குடல் அழற்சி நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. மற்றவர்களைவிட இவர்களுக்கு ஃப்ளூ அதிகம் வருகிறது, ஆஸ்பத்திரியில் சேர்வதும் அதிகம். மருந்துகளில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது மறுபடியும் ஸ்டீராய்டுதான்.

ஸ்டீராய்டில் இன்னொரு சிக்கல், அது அறிகுறிகளையே மறைத்துவிடும். ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியாது. ஐம்பத்தைந்து வயது, குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான க்ரோன்ஸ் நோய், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. மூன்றாவது வாரம். "காய்ச்சல் எல்லாம் இல்லை டாக்டர், லேசா இருமல்தான்" என்றார். தெர்மாமீட்டரில் 99 கூடத் தாண்டவில்லை. ஆனால் கதவிலிருந்து நாற்காலிக்கு வருகிற பத்தடியில் மூச்சு வாங்கியது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தார். விரலில் கருவியை மாட்டினால் ஆக்ஸிஜன் 91. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நிமோனியா, காரணம் ஃப்ளூ. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார். காய்ச்சல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அதனால் ஸ்டீராய்டு எடுப்பவர் வீட்டில் இருந்தால் காய்ச்சலை மட்டும் நம்பாதீர்கள். தினமும் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் இரண்டு வாரம் தாண்டி எடுக்கிறவர் எவரையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவராகவே கணக்கில் வைக்கிறோம். மூச்சு எப்படி, வழக்கமான மாடிப்படியில் ஏற முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறாரா என்று பாருங்கள். வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி ஆக்ஸிஜன் பார்க்கலாம். 94-க்குக் கீழே போனால் உடனே கிளம்புங்கள். அம்மா சொன்ன "எல்லாவற்றையும் நிறுத்து" என்பது ஸ்டீராய்டு எடுப்பவருக்குப் பெரிய ஆபத்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியில் தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்தி வைத்திருக்கும். காய்ச்சல் நேரத்தில் மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் வரை போகும். தம்பி இப்போது ஸ்டீராய்டு எடுக்கவில்லை. ஆனால் நோய் கிளம்பினால் என்றாவது எடுக்க வேண்டி வரலாம், அதற்காகச் சொல்கிறேன்.

இனி தம்பியின் அசாதையோபிரின். இந்த மருந்து வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது, வைரஸை எதிர்க்கும் அணுக்களைத் தளர்த்துவதும் இதுதான். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் இரண்டு வாய்ப்பு உண்டு. ஊரெல்லாம் சுற்றுகிற வைரஸாக இருக்கலாம். வெள்ளை அணுக்கள் குறைந்துபோய் அதனால் தொற்று உள்ளே வந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சி.பி.சி. ஒன்றுதான் பிரித்துக் காட்டும், செலவும் சில நூறு ரூபாய்தான். மெசலமின் வகையைச் சேர்ந்த சல்ஃபாசலசின் எடுப்பவருக்கும் இது பொருந்தும், அரிதாக அதுவும் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். அதன் முதல் அறிகுறியே பெரும்பாலும் தொண்டை வலியும் வாய்ப்புண்ணும்தான்.

அசாதையோபிரின் புதிதாக ஆரம்பித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்து, கூடவே காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். நட்15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு இப்படி ஆகும். 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆசிய மக்களிடம், நம்மிடமும், இந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட அதிகம். முதல் மூன்று நான்கு வாரத்தில் சளியே இல்லாமல் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், அது அந்த மருந்துக்கே உடம்பு காட்டுகிற ஒவ்வாமையாகவும் இருக்கலாம். தம்பி வருடக்கணக்கில் எடுப்பதால் இந்த இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் எண்ணிக்கை எப்போது வேண்டுமானாலும் குறையலாம், அதனால்தான் சி.பி.சி. கேட்டேன்.

ஒரு வாரம் அசாதையோபிரினை நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமா? பயப்பட வேண்டாம். உடம்பில் மெல்லச் சேர்ந்து மெல்லக் கரைகிற மருந்து அது. ஐந்தாறு நாள் இடைவெளியில் குடல் கெட்டுப்போவதில்லை. ஆனால் சளி போன பிறகு மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்பதையும் மருத்துவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஜலதோஷத்துக்கு நிறுத்தினேன், அப்புறம் நன்றாகத்தானே இருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன்" என்று ஆறு மாதம் கழித்து ரத்தப்போக்கோடு வந்தவர்கள் நிறையப் பேர். காய்ச்சல் இல்லாத வெறும் மூக்கொழுகலுக்கு எந்த மருந்தையும் நிறுத்தத் தேவையில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி போடுபவர்கள் காய்ச்சல் உள்ள அன்று போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் பேசி சில நாள் தள்ளிவைக்கலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான டோஃபாசிட்டினிப் எடுப்பவர்கள் காய்ச்சல் வந்தால் உடனே கேட்க வேண்டும். வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலில் மட்டுமே வேலை செய்யும் ஊசி, அதில் மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு அடிக்கடி வந்தாலும் பெரிதாக மாறுவது குறைவு.

இப்போது ஐந்து தடவை போகிற வயிறு. உங்களைத் தூங்க விடாதது இதுதான் என்று கேள்வியிலேயே தெரிகிறது. சுவாச வைரஸ்கள் பல வயிற்றையும் தொடும். கொரோனா வைரஸ் உடம்பின் அணுக்களுக்குள் நுழையப் பிடித்துக்கொள்கிற ஏ.சி.இ.2 என்ற கைப்பிடி, சிறுகுடலின் சுவரில் ஏராளமாக இருக்கிறது. ஃப்ளூவிலும் அடினோ வைரஸிலும் பேதி உண்டு. ஏற்கெனவே அழற்சி கண்ட குடல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பும். அதனால் சளியோடு சேர்ந்து வந்த, தண்ணீராகப் போகிற, ரத்தம் இல்லாத பேதி பெரும்பாலும் வைரஸின் வேலை. காய்ச்சல் அடங்கி நாலைந்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நோய் கிளம்பும்போது வேறு மாதிரி இருக்கும். தம்பியே அதை உங்களைவிட நன்றாகச் சொல்வான், அவனுக்குப் பழகிய அடையாளங்கள் உண்டு. சளி போலக் கோழை, ரத்தம், கழிவறை வரை போக முடியாத அவசரம், போய் உட்கார்ந்தும் முடியாத உணர்வு, நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிறு. இவற்றில் எதாவது வந்தாலோ, சளி போய் ஒரு வாரம் கழிந்தும் வயிறு தேறவில்லை என்றாலோ, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்க்கலாம். சளி நடக்கும்போதே அதைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வைரஸும் அதை ஏற்றும், வலி மாத்திரையும் ஏற்றும், எண்ணைப் பார்த்துவிட்டு வீணாக ஸ்டீராய்டு ஆரம்பித்துவிடுவார்கள்.

பேதியை நிறுத்த லோபரமைடு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். உள்ளே அழற்சி கிளம்பியிருந்தால் பெருங்குடல் வீங்கிப்போகும் ஆபத்து உண்டு. ஓ.ஆர்.எஸ்., இளநீர், உப்பு போட்ட கஞ்சி, ரசம் சாதம் போதும். மிளகு, சுக்கு தூக்கலாகப் போட்ட கசாயம் இந்த நிலையில் வயிற்றைக் கிளறும், காரம் குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் "இம்யூனிட்டி" ஏற்றும் பொடிகள், முக்கியமாகச் சீந்தில் கொடி சேர்ந்தவை, வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள், பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் அதே செய்தி வந்தது. அசாதையோபிரினும் கல்லீரலைத் தொடக்கூடிய மருந்துதான்.

கடையில் கொடுத்த கவரில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் இரண்டும் வைரஸை ஒன்றும் செய்யாது. பேதியைத் தாங்களே உண்டாக்கும். குடலின் நல்ல பாக்டீரியாவைக் கலைத்து, சி. டிஃபிசில் என்ற தொற்றுக்கு வழி திறக்கும். கோலைட்டிஸ் உள்ளவர்களுக்கு அது வந்தால் நோய் கிளம்பியது போலவே இருக்கும், குணமாக்குவதும் சிரமம். மருத்துவர் நெஞ்சைச் சோதித்து நிமோனியா என்று எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும். அதுவரை வேண்டாம்.

தொண்டைச் சளியில் ஃப்ளூ, கொரோனா இரண்டையும் பரிசோதித்துப் பார்ப்பது தம்பி போன்றவர்களுக்கு உபயோகமானது, ஏனென்றால் ஃப்ளூவுக்கு மருந்து இருக்கிறது. ஓசெல்டமிவிர் 75 மி.கி., தினம் இரண்டு, ஐந்து நாள். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பது உண்டு. அவனுக்கு மூன்று நாள் ஆகிவிட்டது என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

சளி என்று நினைத்து நாம் தவறவிடக்கூடிய சிலவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது காசநோய். நம் நாட்டில் இதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் விதி. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போடுபவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி நம் அணுக்கள் கட்டிய வேலியைக் கட்டிக்காப்பதே டி.என்.எஃப். என்ற பொருள்தான், இந்த ஊசிகள் தடுப்பதும் அதைத்தான். ஊசி ஆரம்பிக்கும் முன் பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும் பிறகு வரலாம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறங்குதல், கழுத்தில் கட்டி, இவற்றோடு இருமல் இருந்தால் இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள்.

இரண்டாவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் சுருக்கென்று வலி, திடீர் மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பேதியில் நீர் வற்றி, படுத்தே கிடந்தால் இன்னும் ஏறும். இதற்கு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம், சளியே இல்லாமல் வாரக்கணக்கில் வறட்டு இருமலும் நடக்கும்போது மூச்சிரைப்பும் இருந்தால், மருந்தே நுரையீரலைத் தொட்டிருக்கலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தில் இது தெரிந்த விஷயம், மெசலமினிலும் சல்ஃபாசலசினிலும் அரிதாக உண்டு.

தம்பியைப் பொறுத்தவரை, காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலோ, விட்டுப்போய் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ, மூச்சிரைத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சில் தடுமாற்றம் இருந்தாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம். விட்டுப்போன காய்ச்சல் திரும்ப வந்தால், ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது மருத்துவரிடம் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது "இவன் அசாதையோபிரின் எடுக்கிறான்" என்பதை. "குடல் பிரச்சினை" என்று மட்டும் சொன்னால் வாயுத் தொல்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அம்மாவிடம் கோபப்பட வேண்டாம், அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அசாதையோபிரினை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லி மருத்துவரே சொல்லலாம், மெசலமினைத் தொடர்வதுதான் தம்பிக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் புரிய வையுங்கள். அவன் தேறி ஒரு மாதம் ஆனதும் தடுப்பூசிப் பேச்சை எடுங்கள். ஃப்ளூ ஊசி வருடா வருடம், நிமோனியா ஊசி மருத்துவர் சொல்லும் அட்டவணையில். இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது, அவற்றால் கோலைட்டிஸ் கிளம்புவதும் இல்லை. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது வேண்டாம். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்கு ஏறுவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். செப்டம்பருக்குள் போட்டுவிட்டால் நல்லது. அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் நீங்களும் அம்மாவும் அதே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.